கடைசி ஆட்டம் எது என்று தெரியாமல் போனால்

கேள்வி:

எனக்கு 62 வயது. 18 வயதில் வாலிபால் ஆட ஆரம்பித்தேன். வேலை, கல்யாணம், குழந்தைகள் என்று எல்லாவற்றுக்கும் நடுவில் 44 வருடங்கள் விடாமல் ஆடினேன். செட்டர், அதாவது அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவன். பெரிய போட்டி எதிலும் ஆடியதில்லை, பெயர் சொல்லும்படி எதுவும் ஜெயித்ததும் இல்லை. ஒன்பது மாதம் முன்பு வலது முட்டி வீங்கியது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர் தேய்மானம் என்றார், இனிமேல் குதிக்க வேண்டாம் என்றார். அன்றிலிருந்து நான் மைதானத்துப் பக்கமே போகவில்லை.

போன மாதம் அலமாரியை ஒழுங்குபடுத்தும்போது ஒரு கோப்பை கிடைத்தது. பெயர் பொறித்த தகடு உதிர்ந்துபோயிருந்தது. எந்த வருடம் வாங்கியது என்று எனக்கே ஞாபகம் வரவில்லை. மகளிடம் காட்டினேன். "எங்க ஞாயித்துக்கிழமை எல்லாத்தையும் இதுக்குத்தானேப்பா கொடுத்தீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. நண்பர்கள் 100 வயதில் மாரத்தான் ஓடியவரின் வீடியோவை அனுப்பி உற்சாகப்படுத்துகிறார்கள். அதைப் பார்த்தால் இன்னும் மனசு கனத்துப்போகிறது. 44 வருடங்களை வீணாக்கிவிட்டேனா? இனி நான் ஆடவே முடியாதா?

பதில்:

அன்புள்ள ஐயா,

இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ஒன்று மனதைப் பற்றியது, இன்னொன்று முட்டியைப் பற்றியது. என் பார்வையில் இரண்டும் ஒரே கேள்விதான். முட்டி வீங்காமல் இருந்திருந்தால், அந்தக் கோப்பையைத் துடைத்துத் திரும்ப உள்ளே வைத்துவிட்டு மாலை ஐந்து மணிக்கு மைதானத்துக்குக் கிளம்பியிருப்பீர்கள். எந்த வருடம் வாங்கியது என்ற யோசனையே வந்திருக்காது.

பிசியோதெரபிஸ்டாக 27 வருடங்கள் வேலை பார்த்ததில் நான் கவனித்த ஒரு விஷயம் உண்டு. அடிபட்டு வருகிறவர்கள் எல்லாரும் "எப்போ ஆடலாம்?" என்றுதான் கேட்பார்கள். "எதுக்காக ஆடினேன்?" என்று கேட்பவர்கள் ஆட்டத்தை நிறுத்தியவர்கள். 44 வருடம் உங்களுக்கு வராத கேள்வி ஒன்பது மாதத்தில் வந்திருக்கிறது. அதனால் அது அந்த 44 வருடங்களைப் பற்றிய தீர்ப்பு இல்லை. இந்த ஒன்பது மாதங்களின் வலி அது.

சம்பளத்துக்கு ஆடுகிறவர்களுக்குக் கடைசி ஆட்டம் என்று ஒன்று இருக்கும். முன்கூட்டியே அறிவிப்பார்கள், கை தட்டுவார்கள், தோளில் தூக்கிச் சுற்றுவார்கள், அழுவதற்கும் அங்கே இடம் உண்டு. உங்களை மாதிரி ஆடியவர்களுக்கு அது கிடைப்பதில்லை. ஒரு சாதாரண மாலையில், நாளைக்கும் வரத்தானே போகிறோம் என்று ஷூவைக் கழற்றுவார்கள். அதுதான் கடைசி ஆட்டமாக இருந்தது என்பது பல மாதம் கழித்துத்தான் தெரியும். யாரும் வழியனுப்பவில்லை, நீங்களும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. இப்படி நின்றுபோன ஆட்டத்துக்குத் துக்கம் கொண்டாடக்கூட வழியில்லாமல், அது ராத்திரியில் தூக்கத்தைக் கெடுக்கிறது. உங்களுக்கு நடந்திருப்பது ஓர் இழப்பு. முதலில் அதை இழப்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். "பொழுதுபோக்குக்கு ஆடினதுக்கு என்ன இவ்வளவு வருத்தம்" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

சில வருடங்களுக்கு முன்னால், தோள்பட்டை இறுகிப்போய் ஒருவர் என்னிடம் வந்தார். எழுபதைத் தாண்டியவர். கையைத் தோளுக்கு மேலே தூக்கச் சொன்னால் பாதி வழியிலேயே முகம் சுளிப்பார். பேச்சுவாக்கில் அந்தக் காலத்தில் வாலிபால் ஆடுவேன் என்றார். பயிற்சிக்கு வைத்திருந்த லேசான பந்து ஒன்றை எதுவும் சொல்லாமல் அவர் பக்கம் மெதுவாக உயரமாகப் போட்டேன். இரண்டு கைகளும் நெற்றிக்கு மேலே போயின. பத்து விரல்களும் விரிந்து, இரண்டு கட்டைவிரலும் இரண்டு ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு முக்கோணம். பந்து அதில் சத்தமே இல்லாமல் வந்து உட்கார்ந்து, நேராக என் கைக்குத் திரும்பி வந்தது. ஆடுவதை விட்டு இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது என்றார். பந்து திரும்பி வந்த பிறகுதான், தன் கை எவ்வளவு உயரம் போயிருக்கிறது என்பதை அவர் கவனித்தார்.

கோப்பை அலமாரியில் கிடைத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் ஆடிய ஆட்டம் அங்கே இருந்ததே இல்லை, அது உங்கள் கையில் இருக்கிறது. அதுவும் நீங்கள் செட்டர். பாயின்ட் எடுத்தது அடித்தவர்தான், கைதட்டலும் அவருக்குத்தான். ஆனால் எந்தப் பந்து யாருக்கு, எவ்வளவு உயரத்தில், எப்போது போக வேண்டும் என்று முடிவு செய்தது நீங்கள். யாருக்குத் தாழ்வான பந்து பிடிக்கும், யார் ஒரு தவறு செய்துவிட்டால் அடுத்த பந்தை உடனே அவருக்கே கொடுத்துத் தேற்ற வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கு அத்துப்படியாக இருந்திருக்கும். இதை எந்தத் தகட்டிலும் பொறிக்க முடியாது. இதற்குச் சாட்சி வேண்டுமென்றால் உங்களோடு ஆடியவர்களைத்தான் கேட்க வேண்டும். தயவுசெய்து கேளுங்கள். பழைய ஆட்டக்காரர்கள் இரண்டு பேருக்குப் போன் போட்டு, "உனக்கு ஞாபகம் இருக்கிற ஒரு ஆட்டத்தைச் சொல்லு" என்று மட்டும் கேளுங்கள். அந்தக் கோப்பை எந்த வருடத்துக்கானது என்பதும் யாருக்காவது தெரிந்திருக்கும்.

அப்புறம், உங்கள் மகள்.

இதைக் கொஞ்சம் தயக்கத்தோடுதான் எழுதுகிறேன். அவர் சொன்னது உண்மை. அவர் சின்னப் பெண்ணாக இருந்த வருடங்களில் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் வந்தனவோ, அவற்றில் பெரும்பாலானவை வீட்டுக்குக் கிடைக்கவில்லை. ஆட்டம் உங்களுக்குக் கொடுத்தது எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அந்த நேரம் வேறு ஒருவரிடமிருந்து வந்தது. உங்களை மாதிரி ஆசைக்காக ஆடியவர்கள் பலர் இதைப் பேச மறுப்பதை நான் பார்த்திருக்கிறேன். பேச்சு எடுத்த உடனே "உங்களுக்கு என்ன குறை வைத்தேன்" என்று பட்டியல் போட ஆரம்பித்துவிடுவார்கள். நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம். அவர் கோபமாகச் சொல்லவில்லை என்பதை நீங்களே கவனித்திருக்கிறீர்கள். கோபமில்லாமல் வருகிற இப்படிப்பட்ட பேச்சு பெரும்பாலும் கதவைத் திறந்து வைக்கிற பேச்சுதான். "ஆமாம்மா, நான் இருந்திருக்க வேண்டிய நாட்கள் இருந்தன. உனக்கு எந்த நாள் ஞாபகம் இருக்கு?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் இருங்கள். அவர் சொல்வதைக் கேட்டு முடித்த பிறகு, முடிந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்தில் என்ன நடந்தது என்பதையும் சொல்லுங்கள். அது அவருக்கு இன்றுவரை தெரியாது. அப்பா எங்கேயோ போவார், வியர்வையோடு திரும்பி வருவார் என்பது மட்டும்தான் தெரியும்.

மகளுக்கு நீங்கள் கடன்பட்டிருப்பதாலேயே ஆட்டம் வீண் என்று ஆகிவிடாது. இந்த இரண்டையும் ஒன்றோடொன்று கழித்துப் பார்த்ததால்தான் தூக்கம் போயிருக்கிறது. தனித்தனியாக வையுங்கள்.

சரி, முட்டிக்கு வருகிறேன்.

டாக்டர் குதிக்க வேண்டாம் என்று சொன்னார். ஆட வேண்டாம் என்று நீங்கள் கேட்டுக்கொண்டீர்கள். இரண்டும் ஒன்றில்லை. ஒன்பது மாதம் மைதானத்தையே விட்டு விலகியது நீங்கள் எடுத்த முடிவு. அது முட்டிக்கு நல்லதும் இல்லை.

முட்டித் தேய்மானத்தில் பலருக்குத் தெரியாத ஒன்று, எக்ஸ்ரேயில் தெரிகிற தேய்மானமும் உணர்கிற வலியும் எப்போதும் ஒத்துப்போவதில்லை என்பது. படத்தில் நிறையத் தேய்ந்திருப்பவர் நன்றாக நடப்பார். படத்தில் கொஞ்சமே மாற்றம் உள்ளவர் படியேறத் திணறுவார். வலியைத் தீர்மானிப்பதில் தொடை முன்பக்கத் தசையின் பலம், உடல் எடை, தூக்கம், மனநிலை எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. முட்டியை அசைக்காமல் வைத்திருந்தால் தேய்வது நிற்கும் என்று நினைக்கிறோம். உண்மையில் தொடைத் தசை வேகமாக மெலியும், அது தாங்க வேண்டிய சுமையெல்லாம் மூட்டில் இறங்கும். அதனால்தான் முட்டித் தேய்மானத்துக்கு முதல் சிகிச்சையாக இன்று உடற்பயிற்சியைச் சொல்கிறோம். மாத்திரை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

என்ன செய்வது? கை வைக்காத ஒரு நாற்காலியைச் சுவர் ஓரமாகப் போடுங்கள். கைகளை மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு எழுந்திருங்கள். அப்புறம் மூன்று எண்ணும் வரை நேரம் எடுத்து மெதுவாக உட்காருங்கள். எழுவதைவிட இறங்குவதுதான் முக்கியம். தொப்பென்று விழுந்தால் பயன் பாதிகூட இல்லை. பத்து தடவை, கொஞ்சம் ஓய்வு, திரும்பப் பத்து. முதல் வாரம் இரண்டு சுற்று, பிறகு மூன்று. உட்கார்ந்தபடியே வலது காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கி ஐந்து எண்ணுங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நில்லுங்கள், பிடிமானம் பக்கத்தில் இருக்கட்டும். வாரம் மூன்று நாள் போதும். மாற்றம் தெரிய ஆறு முதல் 12 வாரம் ஆகும். அதற்கு முன்னால் பொறுமை இழந்து விட்டுவிடுகிறவர்கள்தான் பயிற்சியால் பலனில்லை என்கிறார்கள்.

செய்யும்போது கொஞ்சம் வலிக்கும். பயப்பட வேண்டாம். வலியை 0 முதல் 10 வரை கணக்கிட்டால் ஐந்துக்குள் இருக்கலாம், ஆனால் மறுநாளுக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். மறுநாளும் கூடுதலாக வலித்தாலோ வீங்கினாலோ முந்தின நாள் அளவு அதிகம் என்று அர்த்தம். குறைத்துக்கொள்ளுங்கள், நிறுத்த வேண்டாம். முட்டி திடீரென்று மடங்கிக்கொண்டு நீட்ட வராமல் போனாலோ, நடக்கும்போது தானாக வழுக்கி விட்டாலோ, சூடாகச் சிவந்து வீங்கினாலோ டாக்டரைப் பாருங்கள். எடை கூடியிருந்தால் அதையும் கவனியுங்கள். எடை கூடியிருந்த, முட்டித் தேய்மானமும் இருந்த பெரியவர்களிடம் நடத்தி 2005-ல் வெளியான ஆய்வு ஒன்றில், உடலில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டியின் சுமை சுமார் நான்கு கிலோ குறைவதாகக் கண்டார்கள். இரண்டு மூன்று கிலோ குறைந்தாலே படியிறங்கும்போது தெரியும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 44 வருடம் ஆடிய உடம்பு, அந்த பலத்திலேயே மிச்சக் காலமும் ஓடிவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். ஹார்வர்டில் படித்து வெளியேறிய சுமார் 17,000 ஆண்களைப் பல வருடம் கவனித்து ரால்ஃப் பாஃபன்பார்கர் என்ற ஆய்வாளர் 1978-ல் வெளியிட்ட ஆய்வு இதில் மிகத் தெளிவானது. கல்லூரியில் விளையாட்டு வீரராக இருந்து பிறகு உட்கார்ந்துவிட்டவர்களுக்கு மாரடைப்பிலிருந்து கூடுதல் பாதுகாப்பு எதுவும் கிடைக்கவில்லை. தொடர்ந்து உடலை இயக்கியவர்களுக்குத்தான் கிடைத்தது, மாணவப் பருவத்தில் எதுவும் ஆடாமல் பின்னாளில் ஆரம்பித்தவர்களும் அதில் அடக்கம். இதை உங்களை மிரட்டச் சொல்லவில்லை. ஒன்பது மாதம் போதும், கிளம்புங்கள் என்பதற்குத்தான் சொல்கிறேன்.

நடைப்பயிற்சி போதாதா என்று கேட்கலாம். நடப்பது நல்லது, நடங்கள். ஆனால் உங்களுக்கு அது மட்டும் போதாது என்பது என் கருத்து. கோபன்ஹேகனில் 8,500 பேருக்கு மேல் 25 வருடம் வரை கவனித்த ஆய்வு ஒன்று 2018-ல் வெளியானது. எந்த விளையாட்டும் இல்லாதவர்களோடு ஒப்பிட்டால் மெதுவோட்டக்காரர்கள் 3.2 வருடம் கூடுதலாக வாழ்ந்தார்கள். கால்பந்து ஆடியவர்கள் 4.7, பாட்மிண்டன் ஆடியவர்கள் 6.2, டென்னிஸ் ஆடியவர்கள் 9.7. வாலிபால் அந்தப் பட்டியலில் இல்லை. ஆட்டம்தான் ஆயுளைக் கூட்டியது என்று இந்த வகை ஆய்வால் நிரூபிக்கவும் முடியாது, வசதியும் பழக்கவழக்கமும் காரணமாக இருக்கலாம். ஆனால் இன்னொருவர் இல்லாமல் ஆட முடியாத ஆட்டங்கள் மேலே நிற்பது எனக்கு ஆச்சரியமாக இல்லை. தினமும் நான் பார்ப்பதும் அதைத்தான். தனியாகச் செய்யச் சொன்ன பயிற்சியை மூன்று வாரத்தில் விட்டுவிடுகிறவர், "என்னப்பா இன்னிக்கு வரலியா" என்று கேட்க நாலு பேர் இருந்தால் வருடக்கணக்கில் வருகிறார்.

அதனால் மைதானத்துக்குத் திரும்பிப் போங்கள், ஆனால் வேறு மாதிரி. உங்கள் ஆட்டமே இதற்கு இடம் கொடுக்கிறது. 1895-ல் அமெரிக்காவில் வில்லியம் மோர்கன் வாலிபாலைக் கண்டுபிடித்தது, கூடைப்பந்தின் வேகமும் மோதலும் ஒத்துவராத, வயது கூடிய ஆண்களுக்காக. அன்று நெட்டின் உயரம் 1.98 மீட்டர், சராசரி ஆளின் தலைக்குக் கொஞ்சம் மேலே. இன்று ஆண்களுக்கு 2.43 மீட்டர். தூக்கிக் கொடுத்து எகிறி அடிக்கிற முறையே 1916-ல் பிலிப்பைன்ஸில்தான் வந்தது. எகிறாமல் ஆடுவது உங்கள் வயதுக்காக யாரோ செய்கிற சலுகை என்று கூச்சப்பட வேண்டாம், ஆட்டம் பிறந்ததே அப்படித்தான். நீங்களும் ஒரு முறை ஆட்டத்தோடு சேர்ந்து மாறியவர்தான். ஆரம்பத்தில் சர்வீஸ் கையில் இருந்தால்தான் பாயின்ட், 15-க்கு ஆடியிருப்பீர்கள். பிறகு ஒவ்வொரு பந்துக்கும் பாயின்ட் என்று ஆகி 25-க்கு ஆடினீர்கள். நடுவில் லிபரோ என்று, பின்வரிசையில் பந்தை எடுப்பதற்கென்றே ஒரு புது ஆள் வேறு சேர்ந்தார்.

செட்டர் நின்ற இடத்திலிருந்தே பந்தைத் தூக்கிக் கொடுக்க முடியும். முன்வரிசைக்கு வரும்போது, எதிரணி அடிக்கிற பந்தை நெட்டோரம் எகிறித் தடுக்கிற பிளாக்குக்குப் போகாதீர்கள், அந்த வேலையைப் பக்கத்தில் இருப்பவர் பார்த்துக்கொள்ளட்டும். இதை ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் போனால், பந்து நெட்டுக்கு மேலே வரும்போது கால் தானாக எகிறிவிடும், 44 வருடப் பழக்கம் அது. சிமென்ட் தரை வேண்டாம், மண்ணோ மரத்தரையோ பாருங்கள். பழைய ஷூவை எடுக்கும்போது அடிப்பாகத்தைக் கையால் மடக்கிப் பாருங்கள், கட்டையாக இறுகியிருந்தால் மாற்றிவிடுங்கள். ஒன்பது மாத இடைவெளிக்குப் பிறகு போவதால், போவதற்கு முன் ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயம் மூன்றையும் ஒரு முறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். உங்கள் வயதில் ஆடுகளத்தில் நேர்கிற திடீர் மரணங்களுக்குப் பெரும்பாலும் காரணம் இதய ரத்தக்குழாய் அடைப்புதான். ஆடும்போது நெஞ்சு இறுகினாலோ வழக்கத்துக்கு மாறாக மூச்சு வாங்கினாலோ, அந்த செட்டை முடித்துவிட்டு என்று நினைக்காமல் அங்கேயே நிறுத்தி உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அந்த வீடியோவைப் பற்றி ஒரு வார்த்தை. உங்களுக்கு வந்தது அநேகமாக ஃபௌஜா சிங்கைப் பற்றியதாக இருக்கும். 89 வயதில் முதல் மாரத்தானை ஓடி, 2011-ல் 100 வயதில் டொராண்டோவில் ஓடி முடித்தவர். மிகப் பெரிய மனிதர். ஆனால் உங்கள் தேவை 42 கிலோமீட்டர் இல்லை. உங்களுக்கு வேண்டியது ஒரு நெட்டும், எதிரே ஆறு பேரும், பந்தைக் கேட்டுக் குரல் கொடுக்கிற ஒருவரும். நண்பர்கள் நல்ல மனதோடு அனுப்புகிறார்கள். அடுத்த முறை அனுப்பும்போது, சாயங்காலம் என்னோடு மைதானத்துக்கு வர முடியுமா என்று கேட்டு அவர்களையே இழுத்துக்கொண்டு போங்கள்.

முதல் ஆறு வாரம் வீட்டில் மேலே சொன்ன பயிற்சிகள் மட்டும். கைகளைக் கட்டிக்கொண்டு 30 நொடியில் எத்தனை தடவை எழுந்து உட்கார முடிகிறது என்று இன்றைக்கே எண்ணிக் குறித்து வையுங்கள். ஆறு வாரம் கழித்துத் திரும்ப எண்ணுங்கள். எண்ணிக்கை கூடியிருந்து, வீக்கமும் இல்லை என்றால், அன்று மாலை மைதானத்துக்குப் போங்கள். ஆட்டம் வேண்டாம். நெட்டோரம் நின்று பத்து நிமிடம் இளைஞர்களுக்குப் பந்து தூக்கிக் கொடுங்கள், போதும். மகளுக்கு நேரம் இருந்தால் அவரையும் கூட்டிப் போங்கள். மறுநாள் காலையில் முட்டி எப்படி இருந்தது என்று எனக்கு எழுதுங்கள்.